வி.ஏ. வீட்டுக் கடன்: ஃபண்டிங் ஃபீ யாருக்கு, எவ்வளவு, எப்போ திரும்பி வரும்?

புதுவாசல் எழுதியது:

அமெரிக்க ராணுவத்துல இருந்து வெளிய வந்தவங்களுக்கு வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்துறை) உத்தரவாதம் தர்ற லோன் பத்தித் தெரிஞ்சவங்க உதவுங்க. வீட்டு விலை 4,00,000 டாலர். டவுன் பேமெண்ட் இல்லாம விண்ணப்பிச்சிருக்கு. லெண்டர் அனுப்பின லோன் எஸ்டிமேட்ல (கடன் செலவு மதிப்பீடு) ஃபண்டிங் ஃபீன்னு, அதாவது வி.ஏ.-வுக்குப் போற ஒரு தடவைக் கட்டணம்னு, 13,200 டாலர் போட்டிருக்காங்க. இது ரெண்டாவது வி.ஏ. லோன். முதல் லோன்ல 2.15 சதவீதம்தான் வாங்கினாங்க. அந்த வீட்டை வித்து, கடனை முழுசா அடைச்சு, என்டைட்டில்மென்டும் திரும்ப வந்தாச்சு. அப்படின்னா மறுபடி முதல் தடவைக் கணக்குதானே வரணும்? இன்னொண்ணு: டிஸ்எபிலிட்டி க்ளெய்ம் இன்னும் நிலுவையில இருக்கு. கையில 20,000 டாலர் வரைக்கும் புரட்ட முடியும். அதை உள்ள போடறதா, கையிலேயே வெச்சுக்கறதா?

---

வட்டிக்கணக்கன் எழுதியது:

என்டைட்டில்மென்ட் திரும்ப வந்தாலும் ரெண்டாவது தடவை ரெண்டாவது தடவைதான். அது உங்களுக்காக வி.ஏ. எவ்வளவு உத்தரவாதம் தரும்ங்கற கணக்கு. ஃபீக்கு அவங்க பாக்கறது, இதுக்கு முன்னாடி இந்தச் சலுகையைப் பயன்படுத்தியிருக்கீங்களாங்கறது மட்டும். மண்ணோட சேராத மேனுஃபேக்சர்ட் ஹோமுக்கு (ஃபேக்டரில செஞ்சு கொண்டுவந்து வெக்கற வீடு) மட்டும் முன்னாடி வாங்கியிருந்தா விதிவிலக்கு உண்டு.

2023 ஏப்ரல் 7-லிருந்து இருக்கற விகிதம் இது. வீடு வாங்க, முதல் தடவை: டவுன் பேமெண்ட் 5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா 2.15, 5-லிருந்து 10-க்குள்ள 1.5, 10-ம் அதுக்கு மேலயும் 1.25. அடுத்தடுத்த தடவை: 5-க்குக் கீழ 3.3. அதுக்கு மேல முதல் தடவைக்காரருக்கு உள்ள அதே 1.5, 1.25.

கடைசி வரிதான் உங்களுக்கு முக்கியம். 5 சதவீதத்தைத் தொட்டுட்டா முதல் தடவை, ரெண்டாவது தடவைங்கற பேதமே போயிடுது.

ஃபீ போடறது வீட்டு விலை மேல இல்ல, கடன் தொகை மேல. உங்க கணக்கு:

டவுன் பேமெண்ட் இல்லாம: 4,00,000 × 3.3% = 13,200. கடன்ல சேத்தா 4,13,200.
20,000 போட்டா: 3,80,000 × 1.5% = 5,700. கடன் 3,85,700.

அந்த 20,000 உள்ள போன நிமிஷமே 7,500 டாலர் ஃபீ குறையுது. போட்ட பணத்துல 37.5 சதவீதம். முதல் தடவை வாங்கறவருக்கு இதே கணக்குல மிச்சம் 2,900-தான். 5-லிருந்து 10 சதவீதத்துக்கு ஏற இன்னொரு 20,000 போட்டா 1,200 மட்டும்தான் குறையும். அதனால ரெண்டாவது தடவைக்காரர் 5 சதவீதத்துல நின்னுக்கலாம், மீதியை அவசரத்துக்கு வெச்சுக்கறது புத்திசாலித்தனம்.

---

பத்திரம்பார்ப்பவள் எழுதியது:

கணக்கு சரி. ஆனால் 5 சதவீதத்தில் சரியாக நிற்பவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 19,500 டாலர் போட்டால் அது விலையில் 4.875 சதவீதம். அந்த 500 டாலரை மிச்சம் பிடிப்பதால் முதல் தடவை வாங்குபவருக்கு 3,80,500-க்கு 2.15 என்று 8,180.75 டாலர் விழும். புதுவாசல் போல ரெண்டாவது தடவை என்றால் 12,556.50.

பெரும்பாலும் இது பேரம் முடிந்த பிறகு நடக்கிறது. விலை 4,00,000 என்று கையெழுத்தாகி 20,000 ஒதுக்கியிருப்பார்கள். பிறகு விற்பவர் க்ளோசிங் (கிரயம் முடிக்கும்) செலவில் 5,000 தருகிறேன், விலையை 4,05,000 ஆக்கிக்கொள்ளலாம் என்பார். வாங்குபவரும் சரி என்பார். இப்போது 20,000 என்பது 4.94 சதவீதம். விகிதம் மேல் படிக்குத் தாவிவிடும். 250 டாலர் கூடப் போட்டால் சரியாகிவிடும் என்பதை யாராவது கவனிக்க வேண்டுமே! ஒப்பந்தத்தில் எந்தத் திருத்தம் வந்தாலும் புது விலையை 0.05 ஆல் பெருக்கிப் பார்த்துவிடுங்கள்.

---

நார்ஃபோக்காரன் எழுதியது:

புதுவாசல் தம்பி, க்ளெய்ம் நிலுவையில இருக்குன்னு போற போக்குல சொல்லிட்டீங்க. உங்க விஷயத்துல அதுதான் பெரிய காசு. பணியால வந்த பாதிப்புக்கு வி.ஏ. இழப்பீடு வாங்கறவர் ஃபண்டிங் ஃபீ ஒரு காசும் கட்ட வேண்டாம். ரேட்டிங், அதாவது பாதிப்பு எவ்வளவுன்னு வி.ஏ. போடற அளவு, 10 சதவீதமா 100 சதவீதமாங்கறது பேச்சே இல்ல. 10 இருந்தாலும் முழு விலக்கு.

ஆனா 0 சதவீத ரேட்டிங்னா பாதிப்பை ஒத்துக்கிட்டாங்க, பணம் தரலைன்னு அர்த்தம். அதுக்கு விலக்கு கிடையாது. "ரேட்டிங் இருக்கே, ஏன் ஃபீ போட்டாங்க"ன்னு கேக்கறவங்கள்ல பாதிப் பேர் இந்த 0-காரங்கதான்.

மத்தபடி விலக்கு யாருக்குன்னா: இழப்பீடு வாங்கத் தகுதி இருந்தும் ஓய்வூதியமோ பணிச் சம்பளமோ வாங்கறதால அதை வாங்காம இருக்கறவங்க, டி.ஐ.சி. உதவித்தொகை வாங்கற, இறந்துபோன வீரரோட கணவன் அல்லது மனைவி. பணியில இருக்கும்போதே க்ளோசிங்குக்கு முன்னாடி பர்ப்பிள் ஹார்ட் (போர்க் காயத்துக்கான பதக்கம்) வாங்கினவங்க. பணியிலிருந்து விடுபடறதுக்கு முன்னாடியே க்ளெய்ம் போட்டு, க்ளோசிங்குக்கு முன்னாடி ப்ரொபோஸ்ட் அல்லது மெமோரண்டம் ரேட்டிங் (விடுபடறதுக்கு முன்னாடியே தர்ற ரேட்டிங்) வாங்கினவங்க.

லெண்டர் இதையெல்லாம் தெரிஞ்சுக்கறது சி.ஓ.இ. பார்த்துத்தான், அதாவது தகுதிச் சான்றிதழ். அதுல ஃபண்டிங் ஃபீ நிலைன்னு ஒரு வரி இருக்கும்: விலக்கு உண்டு, அல்லது இல்லைன்னு. அந்த ஒரு வரி பழசா இருந்தா எல்லாம் கெட்டுது. உங்க சி.ஓ.இ. எந்தத் தேதியில எடுத்தது?

---

புதுவாசல் எழுதியது:

> உங்க சி.ஓ.இ. எந்தத் தேதியில எடுத்தது?

ஜனவரில எடுத்தது அண்ணா. விலக்கு இல்லைன்னுதான் இருக்கு. இன்டென்ட் டு ஃபைல் (க்ளெய்ம் போடப் போறேன்ங்கற அறிவிப்பு) போட்டது மார்ச் 3. முழு க்ளெய்ம் போன வாரம் அனுப்பியாச்சு. க்ளோசிங் ஏப்ரல் 20. அதுக்குள்ள முடிவு வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்போ 13,200 போனது போனதுதானா?

---

நார்ஃபோக்காரன் எழுதியது:

இல்ல, போகல. இந்தக் கணக்குல முடிவு எப்போ வருதுங்கறது முக்கியமில்ல. அந்த முடிவுல எஃபெக்டிவ் டேட்னு, அதாவது இழப்பீடு எந்த நாள்லிருந்து செல்லும்னு, எந்தத் தேதி போடறாங்கங்கறதுதான் முக்கியம். அது க்ளோசிங்குக்கு முந்தின தேதியா இருந்தா கட்டின ஃபீ முழுசும் திரும்ப வரும்.

இன்டென்ட் டு ஃபைல், அதாவது 21-0966 படிவம், ஒரு வருஷத்துக்கு உங்க இடத்தைப் பிடிச்சு வெக்குது. அந்த வருஷத்துக்குள்ள முழு க்ளெய்ம் போயிட்டா எஃபெக்டிவ் டேட் மார்ச் 3 ஆகலாம். முடிவு நவம்பர்ல வந்தாலும் கவலையில்ல, மார்ச் 3 ஏப்ரல் 20-க்கு முன்னாடிதானே. ஆனா நீங்க மார்ச்ல ஒண்ணும் போடாம மே மாசம் போட்டிருந்தீங்கன்னா, 70 சதவீதம் ரேட்டிங் வந்தாலும் இந்த வீட்டுக்குக் கட்டின ஃபீ திரும்பாது. வீடு பாக்க ஆரம்பிக்கற நாளே 21-0966 போட்டு வைங்கன்னு நான் எல்லார்கிட்டயும் நச்சரிக்கறது இதுக்குத்தான். அதுக்குச் செலவு ஒண்ணும் இல்ல.

இப்போ நீங்க செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, க்ளெய்ம் நிலுவையில இருக்குன்னு லெண்டருக்கு எழுத்துல சொல்லுங்க. வாய்ல சொன்னா ஃபைல்ல ஏறாது. 26-8937 படிவம் மூலமா உங்க நிலையை வி.ஏ. கிட்ட அவங்க கேக்கலாம். ரெண்டு, க்ளோசிங்குக்கு முந்தின ஒரு சில நாள்ல சி.ஓ.இ.-யை மறுபடி எடுக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள முடிவு வந்துட்டா கட்டவே வேண்டாம்.

ரீஃபண்ட் தானா வரும்னு உக்காந்திருக்காதீங்க. வி.ஏ.-வோட சொந்தத் தணிக்கை அலுவலகம் 2019 ஜூன்ல ஒரு அறிக்கை விட்டுது. 2012-லிருந்து 2017 வரைக்கும் விலக்கு உள்ள சுமார் 72,900 பேர்கிட்ட மொத்தம் 286 மில்லியன் டாலருக்கு மேல ஃபீ வாங்கியிருக்கறதா மதிப்பிட்டாங்க. ரேட்டிங் கடிதம் வந்த அன்னிக்கே அதையும் க்ளோசிங் டிஸ்க்ளோஷரையும் (கடனோட கடைசிக் கணக்குத் தாள்) சேத்து, உங்க வட்டாரத்து வி.ஏ. லோன் சென்டர்ல நீங்களே கேளுங்க.

---

வட்டிக்கணக்கன் எழுதியது:

ரீஃபண்ட்ல ஒரு சின்ன ஏமாற்றம் இருக்கு, முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லது. ஃபீயைக் கையிலிருந்து ரொக்கமா கட்டியிருந்தா பணம் உங்க கைக்கு வரும். கடன்ல சேத்திருந்தா அசல்ல கழிப்பாங்க. அசல் 13,200 குறையும், ஆனா மாசத் தவணை அதேதான் ஓடும். கடன் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். தவணையையும் குறைச்சுத் தர்றது லெண்டரோட விருப்பம், கேட்டுப் பாக்கலாம். நடுவுல கட்டின வட்டி திரும்பாது. 13,200-க்கு 6.5 சதவீதத்துல மாசம் சுமார் 71 டாலர். எட்டு மாசம்னா 570 சொச்சம்.

இதனால என் முந்தின பதில் கொஞ்சம் மாறுது. 10 சதவீதமாவது ரேட்டிங் வரும்னு உறுதியா நம்பிக்கை இருந்தா, ஃபீயைக் குறைக்கறதுக்காக மட்டும் 20,000 போட வேண்டியதில்ல. எப்படியும் அது திரும்பும். நம்பிக்கை அரைகுறைன்னா போட்டுடுங்க.

---

கிளிஞ்சல் எழுதியது:

நான் இன்னும் பணியில் இருக்கிறேன். ஆகஸ்டில் விடுபடுகிறேன். ஜூனில் வீடு முடிகிறது. விடுபட்டபின் ரேட்டிங் வந்தால் எனக்கும் இதே போல ஃபீ திரும்பிவிடும்தானே?

---

நார்ஃபோக்காரன் எழுதியது:

திரும்பாது. இழப்பீடோட எஃபெக்டிவ் டேட் பணியிலிருந்து விடுபட்ட மறுநாளுக்கு முந்திப் போகவே போகாது. உங்க க்ளோசிங் ஜூன், எஃபெக்டிவ் டேட் ஆகஸ்ட்ல. க்ளோசிங்தான் முந்திடுச்சு.

ஜூன்லயே முடிக்கணும்னா உங்களுக்கு இருக்கற ஒரே வழி மெமோரண்டம் ரேட்டிங். விடுபடறதுக்கு 180-லிருந்து 90 நாளுக்குள்ள பி.டி.டி. முறையில க்ளெய்ம் போடலாம். போட்டிருந்தா லெண்டர் கிட்ட சொல்லி, க்ளோசிங் நாளுக்கு முன்னாடி ப்ரொபோஸ்ட் அல்லது மெமோரண்டம் ரேட்டிங் கேக்க வைங்க. அந்தக் காகிதத்துல க்ளோசிங்குக்கு முந்தின தேதி இருக்கணும். ஒரு நாள் பிந்தினாலும் செல்லாது. க்ளோசிங்கைச் செப்டம்பருக்குத் தள்ள முடியுமான்னும் விற்பவர்கிட்ட பேசிப் பாருங்க. 4 லட்சத்துக்கு முதல் தடவைன்னா 8,600 டாலர் விஷயம். அதுக்காக ரெண்டு மாச வாடகை கொடுக்கறதுகூட லாபமா இருக்கலாம்.

---

பத்திரம்பார்ப்பவள் எழுதியது:

புதுவாசல், லோன் எஸ்டிமேட்டின் இரண்டாம் பக்கத்தை ஒரு முறை முழுதும் சொல்லுங்கள். ஏ பகுதியில் என்னென்ன வரிகள் இருக்கின்றன? ஃபண்டிங் ஃபீயை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

---

புதுவாசல் எழுதியது:

ஏ பகுதில: ஒரிஜினேஷன் 1 சதவீதம். அதுக்குக் கீழ ப்ராசஸிங் 895, அண்டர்ரைட்டிங் 1,095. பி பகுதில அப்ரைசல், கிரெடிட் ரிப்போர்ட், ஃப்ளட் சர்ட்டிஃபிகேட், ஃபண்டிங் ஃபீ.

---

பத்திரம்பார்ப்பவள் எழுதியது:

1,990 டாலர் அங்கேயே இருக்கிறது. வி.ஏ. விதிப்படி லெண்டர் தன் வேலைக்காக வாங்கக்கூடியது மொத்தமாக 1 சதவீதம். ப்ராசஸிங், அண்டர்ரைட்டிங், டாக்குமென்ட் தயாரிப்பு, வட்டி லாக் செய்வது, டாக்ஸ் சர்வீஸ், தபால் எல்லாம் அந்த ஒன்றுக்குள் அடக்கம். 1 சதவீதத்தை முழுதாக வாங்கிவிட்டு அதன் மேல் இவற்றைத் தனியாகப் போட முடியாது. ஒரிஜினேஷன் வாங்காமல் இவற்றைத் தனித்தனியே போடலாம், கூட்டுத்தொகை 1 சதவீதத்தைத் தாண்டாத வரை.

அந்த 1 சதவீதத்துக்கு வெளியே உங்களிடம் வாங்கக்கூடியவை: அப்ரைசல், கிரெடிட் ரிப்போர்ட், பதிவுக் கட்டணம், டைட்டில் தேடலும் காப்பீடும், வெள்ளப் பகுதிச் சான்று, முன்கூட்டிக் கட்டும் வரியும் வீட்டுக் காப்பீடும், நீங்களே விரும்பி வாங்கும் டிஸ்கவுன்ட் பாயிண்ட் (வட்டியைக் குறைக்க முன்கூட்டிக் கட்டும் தொகை).

சண்டை போட வேண்டாம். "ஏ பகுதியில் 1 சதவீத ஒரிஜினேஷனுடன் ப்ராசஸிங், அண்டர்ரைட்டிங் இரண்டும் தனியாக உள்ளன. வி.ஏ. விதிக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று எழுத்தில் விளக்கவும்" என்று ஒரே ஒரு மின்னஞ்சல் போதும். பெரும்பாலும் இது சாதாரண கடனுக்கான டெம்ப்ளேட்டை அப்படியே போட்டதால் வருவது.

---

வட்டிக்கணக்கன் எழுதியது:

ஃபண்டிங் ஃபீயை விற்பவர் தலையிலயும் கட்டலாம். ஆனா விற்பவர் மொத்தமா 4 சதவீதத்துக்கு மேல தர முடியாது, அதுக்குள்ள அடங்கணும்.

---

பத்திரம்பார்ப்பவள் எழுதியது:

> விற்பவர் மொத்தமா 4 சதவீதத்துக்கு மேல தர முடியாது

பாதிதான் சரி. வழக்கமான க்ளோசிங் செலவும், சந்தையில் வழக்கமாக உள்ள அளவு டிஸ்கவுன்ட் பாயிண்டும் அந்த 4-ல் சேராது. அவற்றை விற்பவர் முழுதாகக் கொடுக்கலாம். 4 சதவீத வரம்பு சலுகைகளுக்கு மட்டும்: ஃபண்டிங் ஃபீ, உங்கள் வரியையும் காப்பீட்டையும் முன்கூட்டிக் கட்டுவது, உங்கள் கார் கடனையோ கிரெடிட் கார்டையோ அடைப்பது, பரிசாகக் கொடுக்கும் பொருள். 4 என்பதும் வி.ஏ. அப்ரைசலில் வந்த மதிப்பின் மேல்.

அதாவது மதிப்பு 4,00,000 என்றால் சலுகைக்கு 16,000 டாலர் இடம் இருக்கிறது. 13,200 ஃபண்டிங் ஃபீயை விற்பவர் கட்டினால் மீதி 2,800. டைட்டில், பதிவு இவற்றை அவர் கட்டுவது தனிக் கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி "வரம்பு தாண்டிவிட்டது" என்று சொல்லும் ஏஜெண்டுகள் ஏராளம்.

---

வட்டிக்கணக்கன் எழுதியது:

ஒத்துக்கறேன், திருத்திக்கறேன்.

---

கிளிஞ்சல் எழுதியது:

இவ்வளவு ஃபீ கட்டுவதற்கு எஃப்.எச்.ஏ. கடனே (அரசுக் காப்பீடு உள்ள, எல்லோருக்குமான வீட்டுக் கடன்) மேல் இல்லையா? அதில் முன்கட்டணம் 1.75 தானே?

---

வட்டிக்கணக்கன் எழுதியது:

முன்கட்டணம் மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும். எஃப்.எச்.ஏ.-ல அது போக மாசாமாசம் இன்ஷூரன்ஸ் ப்ரீமியம் உண்டு. பெரும்பாலான 30 வருஷக் கடனுக்கு வருஷம் 0.55 சதவீதம். 3,86,000 கடனுக்கு மாசம் சுமார் 177 டாலர். 3.5 சதவீதம் டவுனும் வேணும். வி.ஏ.-ல மாசாந்திர இன்ஷூரன்ஸ் கிடையாது. உங்க 8,600-ஐக் கடன்ல சேத்தா 6.5 சதவீதம், 30 வருஷத்துக்கு மாசம் 54 டாலர். யோசிக்கவே வேண்டாம்.

20 சதவீதம் டவுன் வெச்சிருக்கறவர், நல்ல கிரெடிட் ஸ்கோர் உள்ளவர், விலக்கும் இல்லாதவர்: இவர் மட்டும் சாதாரண கடனையும் ஒப்பிட்டுப் பாக்கணும். அவருக்கு அங்க மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ் இல்ல, இங்க 1.25 சதவீதம் உண்டு.

---

கிளிஞ்சல் எழுதியது:

கடைசியாக ஒன்று. என் கணவரும் முன்னாள் வீரர், 30 சதவீத ரேட்டிங் இருக்கிறது. அவரையும் விண்ணப்பத்தில் சேர்த்தால்?

---

நார்ஃபோக்காரன் எழுதியது:

இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா! ரெண்டு பேர் என்டைட்டில்மென்டையும் கலந்தா உங்க பங்குக்கு மட்டும் ஃபீ விழும். அவர் என்டைட்டில்மென்ட்ல மட்டும் கடன் எடுத்து நீங்க மனைவியா கூட்டு விண்ணப்பதாரரா இருந்தீங்கன்னா ஃபீ பூஜ்ஜியம். அவர் பேர்ல சி.ஓ.இ. எடுங்க, விலக்கு உண்டுங்கற வரி இருக்கான்னு பாருங்க. மெமோரண்டம் ரேட்டிங் ஓட்டமே உங்களுக்கு வேண்டாம். உங்க என்டைட்டில்மென்ட் தொடாம அப்படியே இருக்கும்.

---

பத்திரம்பார்ப்பவள் எழுதியது:

மறுகடன் பற்றியும் ஒரு வரி, ஏனென்றால் வீடு வாங்கிய சில மாதங்களில் உங்கள் தபால்பெட்டி அதற்கான விளம்பரக் கடிதங்களால் நிறைந்துவிடும். வட்டி குறைக்கும் ஐ.ஆர்.ஆர்.ஆர்.எல். கடனுக்கு ஃபீ 0.5 சதவீதம்தான். முதல் தவணைத் தேதியிலிருந்து 210 நாளாவது ஆகியிருக்க வேண்டும், ஆறு தவணையாவது கட்டியிருக்க வேண்டும். நிலையான வட்டியிலிருந்து நிலையான வட்டிக்கு என்றால் குறைந்தது அரை சதவீதம் குறைய வேண்டும், செலவு 36 மாதத்துக்குள் மீள வேண்டும்.

கையில் பணம் எடுக்கும் கேஷ்-அவுட் வேறு ஜாதி. முதல் தடவை 2.15, அடுத்து 3.3. வீட்டில் உங்கள் பங்கு 40 சதவீதம் ஏறியிருந்தாலும் அதை டவுன் பேமெண்டாகக் கருதி ஃபீயைக் குறைக்க மாட்டார்கள். கடிதத்தின் உறையில் வி.ஏ. சின்னம் போல ஏதாவது இருந்தால் அனுப்பியவர் பெயரை இரண்டு முறை படியுங்கள். அரசு அந்த மாதிரிக் கடிதம் போடுவதில்லை.

---

புதுவாசல் எழுதியது:

லெண்டர் பதில் அனுப்பிட்டார். ப்ராசஸிங், அண்டர்ரைட்டிங் ரெண்டு வரியும் புது எஸ்டிமேட்ல இல்ல. க்ளெய்ம் நிலுவையில இருக்கறதையும் எழுத்துல வாங்கிக்கிட்டு 26-8937 அனுப்பறதா சொன்னார். ரேட்டிங் விஷயத்துல எனக்கு முழு நம்பிக்கை இல்ல, அதனால 20,000 போட்டுடறேன். ஃபீ 5,700-ன்னு வந்திருக்கு. அதைக் கடன்ல சேக்கறதா, ரொக்கமா கட்டறதா?

---

வட்டிக்கணக்கன் எழுதியது:

டவுனுக்கே 20,000 போயிட்டா கையில என்ன மிச்சம் இருக்கும்? கடன்லயே சேத்துடுங்க. மாசம் 36 டாலர்தான். க்ளோசிங்குக்கு மூணு வேலை நாள் முன்னாடி க்ளோசிங் டிஸ்க்ளோஷர் வரும். அதுல விலை 4,00,000, டவுன் 20,000, ஃபீ 5,700, இந்த மூணு எண்ணும் அப்படியே இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா கையெழுத்துப் போடலாம்.

---

நார்ஃபோக்காரன் எழுதியது:

ஏப்ரல் 17 காலையில சி.ஓ.இ.-யையும் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்க தம்பி.